பழைய பார்க்கர் இரட்டைக்குழலில் ஒற்றை டிரிகர்: கம்பெனி வேலையா, பிறகு பொருத்தியதா?

கேள்வி: 12 கேஜ் (குழல் அளவு) பார்க்கர், பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி. வரிசை எண்படி 1913-இல் செய்தது. டிரிகர் ஒன்றுதான், குழலைத் தேர்ந்தெடுக்கும் பட்டன் இல்லை, வெளியே பெயர் எதுவும் இல்லை. போலித் தோட்டா போட்டு இழுத்தால் வலது குழல் க்ளிக் என்கிறது; அடுத்த இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. யார் செய்தது இது? பழுதா?

பதில் 1: பார்க்கர் தன் சொந்த ஒற்றை டிரிகரை 1922-இல்தான் கொண்டுவந்தது. ஆக, 1913 துப்பாக்கியில் இருப்பது பெரும்பாலும் பின்னால் பொருத்தியது. ஆனால் தொழிற்சாலையே பின்னாளில் மாற்றிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். பார்க்கர் சேகரிப்பாளர் சங்கத்திடம் வரிசை எண்ணைக் கொடுத்துப் தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளதைச் சொல்லும் கடிதம் கேளுங்கள். வெளியார் வேலை என்றால் பென்சில்வேனியாவின் மில்லர், லங்காஸ்டர் ஆர்ம்ஸின் 'இன்ஃபாலிபிள்' ஆகிய இரண்டு ஒற்றை டிரிகர்களையும் முதலில் சந்தேகிக்கலாம். இன்னொரு அமெரிக்கத் துப்பாக்கியான எல்.சி. ஸ்மித்தின் 'ஹன்டர் ஒன்-டிரிகர்' அதைச் செய்த கம்பெனி தானே பொருத்தியது; அதை வைத்து இதை எடைபோட வேண்டாம்.

டிரிகர் தட்டைப் பாருங்கள். பழைய இரண்டு டிரிகர்களுக்கான இரண்டு துளைகளில் ஒன்றை இரும்புத் துண்டால் அடைத்து வெள்ளிப் பற்று வைத்திருந்தால் மெல்லிய கோடு தெரியும். அந்த இடத்தில் நிறமும் வேறு. கழற்றினால் மரத்தில் பழைய செதுக்கல் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும், புதியது வெளிறி இருக்கும். ஸ்க்ரூ பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள்.

பதில் 2: இரண்டாவது இழுப்பு செத்திருப்பதை வைத்துப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். க்ளிக் ஆனதும் டிரிகரை விட்டு, கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, மறுபடி இழுங்கள். இடது விழுந்தால் அது உதைப்பின் வேகத்தில் நகரும் கட்டி உள்ள வகை. தட்டாமல், மூன்றாவது இழுப்பில் விழுந்தால் மூன்று-இழுப்பு வகை.

கேட்டவர்: தட்டவில்லை. மூன்றாவது இழுப்பில் இடது விழுகிறது. முன் துளைக்குப் பின்னால் கோடும் தெரிகிறது.

பதில் 2: அப்படியானால் பொறி செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. சுடும்போது துப்பாக்கி பின்னுக்குப் போய்த் திரும்பும். விரல் நமக்குத் தெரியாமலே ஒரு முறை இழுத்துவிடும். அந்த இழுப்பை வெறுமையாக விழுங்கத்தான் நடுவில் ஒரு படி. லண்டன் துப்பாக்கிக் கம்பெனியான பாஸ் 1894-இல் காப்புரிமை பெற்றதும் இதே தத்துவம். கையில் வைத்துச் சோதிக்கும்போது உதைப்பு இல்லாததால் அந்த வெற்று இழுப்பு வெளியே தெரிகிறது. 'சரிசெய்கிறேன்' என்று யாராவது அந்தப் படியைத் தேய்த்தால் இரண்டு குழலும் ஒன்றாகவே சுட்டுவிடும்.

குழல் சுவரின் கனத்தையும் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தையும் (2¾ அங்குலத்துக்குக் குறைவாக இருக்கலாம்) துப்பாக்கி மெக்கானிக் அளந்த பிறகு, சுடுதளத்தில் வலதில் மிதமான தோட்டா, இடதில் போலித் தோட்டா போட்டு ஒன்று சுடுங்கள். பின் ஒரே இழுப்பில் இடது க்ளிக் ஆனால் சரி. இரண்டு இழுப்பு தேவைப்பட்டால் கெட்டிப்பட்ட எண்ணெயைக் கழுவுங்கள். இழுத்தும் க்ளிக்கே வராமல், இடது ஏற்கெனவே விழுந்திருந்தால் சியர் (சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) நுனி தேய்ந்திருக்கக்கூடும். மெக்கானிக் பார்க்கும்வரை இரண்டு குழலிலும் தோட்டா போட வேண்டாம்.