அம்மாவுக்காக: 23-ஆம் சங்கீதம், மெதுவான ராகத்தில்

அம்மாவுக்கு 68 வயது. மார்ச் மாதம் பக்கவாதம் வந்ததில் வலது கையும் பேச்சும் போய்விட்டன. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். நாம் சொல்வது புரிகிறது, பதில்தான் வராது. பகலில் சமாளித்துவிடுகிறோம். இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பயந்து அழுகிறார்கள். அப்போதுதான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன்.

சிறு வயதில் எங்களுக்கு வேதாகமத்தின் 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்ய வைத்ததே அம்மாதான். அதனால் அதையே வாசிக்கிறேன். முதல் மூன்று வசனங்களில் கர்த்தரை ‘அவர்’ என்று சொல்லிக்கொண்டு வருகிற தாவீது, மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்று அவரிடமே பேசத் தொடங்கிவிடுகிறார். சரியாக அந்த இடத்தில் அம்மாவின் உதடு அசைகிறது. சத்தம் மட்டும் வருவதில்லை.

போனில் ஆடியோ வேதாகமம் போட்டேன். வாசிப்பு வேகமாகப் போகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பாட்டு போட்டால் வாத்தியச் சத்தத்தில் வார்த்தை தெளிவாகக் கேட்பதில்லை. சபை ஐயர் (போதகர்) வந்து ஜெபித்த அன்று மட்டும் நன்றாகத் தூங்கினார்கள்.

அப்புறம், பேச்சுப் பயிற்சி தருபவர் ஒன்று சொன்னார்: பேச முடியாதவர்களில் சிலருக்குப் பாடும்போது வார்த்தை வருமாம். முந்தாநாள் நான் மெல்ல முனகியபோது அம்மாவும் கூடவே ராகம் இழுத்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழைய மொழிபெயர்ப்பின் வசனம் மாறாமல், வாத்தியம் இல்லாமல், இந்தச் சங்கீதத்தை மெதுவாகப் பாடிய பதிவு உங்கள் யாரிடமாவது இருக்கிறதா?