ஃபார்ஸ்: கேலிக்கூத்து போதாதா?

அன்பர்களே,
நாடக வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கிரகாம்ஸ்டவுனில் 1838-இல் மேடையேறிய 'காட்யே கெக்கல்பெக்' பற்றியது. எழுதியவர் ஆண்ட்ரூ கெடெஸ் பெய்ன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், மலைப்பாதை போட்டவர், புதைபடிவமும் தேடியவர். ஆப்பிரிகான்ஸ் மொழி மேடையில் கேட்ட மிகப் பழைய ஆக்கங்களில் இது ஒன்று. இது ஆங்கிலத்தில் 'ஃபார்ஸ்' (farce) எனப்படும் சிரிப்பு நாடக வகை. அதைக் 'கேலிக்கூத்து' என்று எழுதினால் பிள்ளைகள் தேர்தல் செய்தி என்று நினைக்கிறார்கள். வேறு தமிழ்ச் சொல் உண்டா?

-----

பிரகசனம் இருக்கிறதே! வடமொழியில் நகைச்சுவை நாடகத்துக்குப் பெயர். மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டிலேயே மத்தவிலாசப் பிரகசனம் எழுதிவிட்டான். அதிலும் குடிகாரர்கள், இதில் காட்யேயும் குடிகாரி. பொருத்தம்தானே?

-----

> பிரகசனம் இருக்கிறதே!

வடசொல் எதற்கு, ஐயா? "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று நகைக்கு நான்கு நிலைக்களன் சொன்னார் தொல்காப்பியர். முதலில் நிற்பது எள்ளல். ஆகவே எள்ளற்கூத்து.
இன்னொன்று. கெக்கல்பெக்கின் 'கெக்கல்', நம் 'கெக்கலி' அல்லவா? கெக்கலி கொட்டிச் சிரித்தான் என்கிறோமே. கடல் வணிகத்தில் போயிருக்கக்கூடும்.

-----

கடல் வணிகத்தை விட்டுவிடுங்கள், ஐயா. அது டச்சுச் சொல். கோழி கொக்கரிக்கிற ஓசை எந்த ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கும். 'பெக்' என்றால் விலங்கின் வாய். மொத்தத்தில் 'வாயாடிக் காட்யே'.
வேடிக்கை என்னவென்றால், அவள் பாட்டில் ஆங்கிலமும் கேப் டச்சும் (பின்னாளில் ஆப்பிரிகான்ஸ் ஆன பேச்சு) ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. சுத்தமான மணிப்பிரவாளம். அதற்குத்தான் நாம் தூய சொல் தேடுகிறோம்!
வடிவத்தில் இது நொண்டி நாடகத்துக்குப் பக்கம். தன் கதையைத் தானே பாடுகிற ஒற்றைப் பாத்திரம். ஆனால் நொண்டி கடைசியில் திருந்துவான். இவள் திருந்துவதாக இல்லை.

-----

யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா? காட்யே ஒரு கோயி இனப் பெண், அதாவது தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடிகளில் ஒருத்தி. கோயி மக்கள் வாழ்ந்த காட் ஆற்றுக் குடியிருப்பிலிருந்து வருபவள். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கேப் பகுதியில் 1828-இல் வந்த 50-ஆம் அவசரச் சட்டம் கோயி மக்களை வெள்ளையருக்குச் சட்டத்தில் சமமாக்கியது. அவர்களுக்காகப் பேசிய பாதிரியார் ஜான் பிலிப்மேல் வெள்ளைக் குடியேறிகளுக்குக் கடுங்கோபம். அந்தக் கோபம்தான் அவளைக் குடிகாரியாகவும் திருடியாகவும் மேடையேற்றியது. 'நகைக்கூத்து' என்று மென்மையாக்கினால் இது மறைந்துபோகும். கேலி என்றே இருக்கட்டும்.

-----

சரி, நேரமில்லை. கேலி என்றே இருக்கட்டும் என்கிறீர்கள், கேலிக்கூத்து என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'கேலிக்கூத்து என்னும் நாடக வகை' என்று எழுதிவிட்டால் தேர்தல் குழப்பம் வராது. கோயி மக்கள் பற்றிய பத்தியையும் சேர்த்துவிட்டேன், நன்றி அம்மா.

-----

போடுங்கள். எள்ளற்கூத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்கலாமே? கெக்கலி பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.