மறுமொழி: அரசர்கள் ஒருவர்க்கொருவர் அரியணை காப்பதற்கு என்ன சொல்?

> வளைகுடா மன்னர்கள் 2011-இல் செய்ததை ‘எதிர்ப்புரட்சி’ என்றே எழுதலாமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா,

அந்தச் சொல் பஹ்ரைனுக்குப் பொருந்தும். அரபு நாடுகளில் மக்கள் எழுச்சி பரவிய அவ்வாண்டில், பஹ்ரைன் மக்களும் மன்னராட்சியை எதிர்த்துத் திரண்டார்கள். மார்ச் 14 அன்று சவூதிப் படையினர் ஏறத்தாழ 1,000 பேர் கடற்பாலம் வழியாக அங்கே நுழைந்தார்கள். அமீரகம் காவலர்களை அனுப்பியது. நான்கே நாளில், மக்கள் திரண்டிருந்த முத்துச் சதுக்கத்தின் நினைவுச்சின்னம் இடிக்கப்பட்டது. ஆனால் அதே மாதம் கத்தாரும் அமீரகமும் லிபியாவில் ஆட்சியாளர் கடாஃபியை எதிர்த்து எழுந்தவர்களுக்கு ஆதரவாகப் போர்விமானங்களை அனுப்பின. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எனக்குப் பெரிய சான்றாகப் படுவது மே மாதம் நடந்தது. வளைகுடா மன்னராட்சி நாடுகளின் கூட்டமைப்பான வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் ஜோர்தானையும் மொராக்கோவையும் சேர அழைத்தது. இரண்டும் வளைகுடாக் கரையில் இல்லை, எண்ணெய் வளமும் இல்லை. மொராக்கோ அட்லாண்டிக் கரையில் கிடக்கிறது. இரண்டிலும் மன்னர் ஆள்கிறார், அவ்வளவுதான் பொருத்தம். இந்த உறவுக்குத்தான் நமக்குச் சொல் இல்லை.

‘முடிகாப்பு’ சுருக்கமானது, ஆனால் செய்தித் தலைப்பில் பார்ப்பவருக்குத் தலைமுடிதான் நினைவுக்கு வரும். ‘வேந்தர் துணை’ அழகான சொல். ஆனால் அகப்பொருளில் துணைவயிற் பிரிவு என்பது நட்பரசனுக்குப் பகையரசன் இடர் செய்யும்போது உதவப் போவது. இங்கே எதிரே நின்றவர்கள் அந்நாட்டுக் குடிமக்கள். அதை மறைக்கும் சொல் வேண்டாம்.

என் பரிந்துரை: அரியணைக் கூட்டுக்காப்பு. பழைய நிகழ்வில் வைத்துப் பாருங்கள்: “1849-இல் ஹங்கேரியரின் எழுச்சியை ஒடுக்க, ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் ஆஸ்திரியாவுக்குப் படை அனுப்பியது அரியணைக் கூட்டுக்காப்பு.” நிற்கிறது.

---

> என் பரிந்துரை: அரியணைக் கூட்டுக்காப்பு.

எனக்கு உடன்பாடே. ‘கூட்டுப் பாதுகாப்பு’ வேறு பொருளில் வழங்குவதால், ‘காப்பு’ என்று நிறுத்தியதும் சரி. உள்நாட்டில் பணம் கொடுத்து அமைதிப்படுத்துவதற்கும் ஒரு சொல் முடிவு செய்வோமா? பஹ்ரைன் மன்னர், நாட்டின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 தினார் அறிவித்தார். சவூதி மன்னர் அப்துல்லா பல்லாயிரம் கோடி டாலர் ஒதுக்கினார். ‘கொடையமைதி’ எனலாமா?

---

‘கொடை’ வேண்டாம் ஐயா. எண்ணெய் அந்த மக்களின் மண்ணில் எடுப்பது. அதன் வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்கே தருவதைக் கொடை என்றால் மன்னரை வள்ளலாக்கிவிடுவோம். ‘பணத்தணிப்பு’ என்று பயன்படுத்திப் பார்க்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.