கொட்டாஞ்சேனை வீட்டில் தினமும் எரிக்க எந்தப் பெற்றோமக்ஸ் நல்லது? பழையதன் மென்டில் கறுக்கிறது, உதவி தேவை

கொட்டாஞ்சேனை மகள்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாடகை வீட்டில் மின்சாரம் நின்று ஐந்து வாரமாகிறது. பழைய வயரிங் மழையில் ஊறிப் பொறி பறந்ததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். முழு வீட்டுக்கும் புதிதாக வயர் இழுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்காரரோ சகோதரர்களோடு வழக்கில் நிற்கிறார், கையெழுத்துப் போட ஆளில்லை. இன்னும் ஐந்தாறு மாதம் இருட்டுத்தான் என்று நினைக்கிறேன். மகன் இம்முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த அப்பாவின் பித்தளைப் பெற்றோமக்ஸ் இருக்கிறது. 500 கண்டில் பவர் (வெளிச்ச அளவு). பல வருடம் பரணில் கிடந்தது. ஏற்றினால் மஞ்சள் சுவாலை கண்ணாடிக்கு மேலே எழும்புகிறது. பிறகு அடங்கினாலும் மென்டிலின் (வெளிச்சம் தரும் வலைப்பை) ஒரு பக்கம் கறுத்து, வெளிச்சம் மங்கிவிடுகிறது. அறை 12 அடிக்கு 10 அடி, ஒரே யன்னல். நுளம்புக்குப் பயந்து அதையும் சாத்திவிடுகிறோம். இரண்டு நாளாக மகனுக்குத் தலையிடி.

இதைத் திருத்தலாமா? புதிது வாங்குவதென்றால் புறக்கோட்டையில் 350 கண்டில் பவரில் ஒன்றும் 200இல் சின்னது ஒன்றும் பார்த்தேன். எதை எடுப்பது?

வெள்ளவத்தை இரசாயன ஆசிரியை:
தங்கச்சி, முதலில் யன்னலைத் திறந்துவிடுங்கள், விளக்கைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். மஞ்சளாக எரியும் விளக்கு எண்ணெயை முழுதாக எரிக்கவில்லை. கரியோடு காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் வெளியேறும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. தலையிடியும் தலைச்சுற்றும் குமட்டலும்தான் அதன் முதல் அறிகுறிகள். மகனுக்குத் திரும்பவும் தலையிடித்தால் விளக்கை அணைத்து, அவனை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். குறையாவிட்டால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

விளக்கு சரியாக எரிந்தாலும் பூட்டிய அறை ஆகாது. 500 கண்டில் பவர் விளக்கு ஒரு லீற்றரை ஏறத்தாழ 8 மணிநேரத்தில் குடிக்கும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் 2.5 கிலோ காபனீரொட்சைட்டு வரும். உங்கள் அறைக்குக் கூரை 9 அடி என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். காற்றே புகாமல் பூட்டினால் ஒரு மணிநேரத்தில் அரைச் சதவீதத்தைத் தொட்டுவிடும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம் அளவுதான். வெப்பமும் அப்படித்தான், ஒரு கிலோவாற்றுக்கு மேல். அயன் பெட்டியை அறை நடுவில் இடைவிடாமல் சூடாக்கி வைத்திருப்பது போன்றது. கொழும்பு வெக்கையில் அதனடியில் இருந்து படிக்கிற பிள்ளை பாவம்.

யன்னல் சட்டத்துக்கு நுளம்பு வலை அடியுங்கள். நுளம்பும் வராது, காற்றும் நிற்காது.

மட்டக்குளி வாசி:
எங்கள் அப்பா எண்ணெயோடு ஒரு மூடி பெற்றோல் கலப்பார். உடனே பற்றும். சூடாக்கும் வேலையும் இல்லை, மஞ்சள் சுவாலையும் வராது.

தெமட்டகொடை லாம்புத் திருத்துநர்:
தம்பி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பற்றவைக்கக்கூடிய ஆவியை விட மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே அதை விடும். பெற்றோமக்ஸின் தாங்கி, எரிகிற தலைக்கு ஒரு சாண் கீழே, காற்றழுத்தத்தோடு இருக்கிறது. உங்கள் அப்பா தப்பியது கடவுள் செயல். பெற்றோல் கலந்த லாம்பு என்று தெரிந்தால் நான் கையாலும் தொடமாட்டேன்.

இனி தங்கச்சியின் லாம்பு. மண்ணெண்ணெய் ஆவியாகித்தான் மென்டிலுக்குப் போகவேண்டும். குழாய் சூடாகுமுன் பம்ப் அடித்தால் எண்ணெய் திரவமாகவே மேலேறிச் சுவாலை எழும்பும். குழாயைச் சுற்றியுள்ள கிண்ணம் நிறைய ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, அது எரிந்து முடியும் தறுவாய் வரை பொறுங்கள். பிறகுதான் பம்ப். அப்படியும் சுவாலை எழும்பினால் ஊதப் போகவேண்டாம், காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். ஏற்றுவதும் அணைப்பதும் விறாந்தையில் நடக்கட்டும், மணம் வருவது அந்த நேரத்தில்தான்.

ஒரு பக்கம் மட்டும் கறுப்பதற்குக் காரணம் வேறு. ஆவியோடு காற்றுக் கலப்பது மேலே தலைக்குள் இருக்கும் வளைந்த குழாயில். அது அடைபட்டால் எண்ணெய் கூடி, காற்றுக் குறைந்து, கரி படியும். பரணில் கிடந்த லாம்பென்றால் நான் முதலில் தேடுவது குளவிக்கூடு. தலையைக் கழற்றி, குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் நிப்பிளை, அதாவது ஆவி வெளியேறும் சிறு துளையுள்ள முனையைப் பாருங்கள். துளை தேய்ந்து பெருத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் நிப்பிள் வலுவுக்கு வலு மாறும். 500இன் நிப்பிளை 350இல் போட்டால் என்ன செய்தாலும் மஞ்சளாகவே எரியும். கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள், நம்பவேண்டாம்.

எதை வாங்குவது? 350 வேண்டாம். உங்கள் அறைக்கு அதன் வெளிச்சம் தேவையில்லை, சூடு மட்டும்தான் மிஞ்சும். வாங்கத்தான் வேண்டுமென்றால் 200 போதும். காசு கொடுக்குமுன் அதே கடையில் மென்டில், நிப்பிள், பம்பின் தோல் வாஷர், கண்ணாடி நாலும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பழைய சோனகத் தெருவிலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத லாம்பு எவ்வளவு மலிவென்றாலும் மூன்றாம் மாதம் பரணுக்குத்தான் போகும்.

பாமன்கடை அண்ணா:
1990க்குப் பிறகு மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் நான். அடியில் பஞ்சு, அதில் நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய். பெற்றோமக்ஸ் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும்தான் எரியும். தினமும் எரிப்பதென்றால் செலவையும் பாருங்கள் தங்கச்சி. நாளுக்கு 4 மணிநேரம் 500ஐ எரித்தால் மாதம் 15 லீற்றர். 2022 ஆகஸ்டில் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ஆனது. அந்த விலைக்கே 5,100 ரூபாய்.

மகனின் மேசைக்கு 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரியும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழும் எடுங்கள். பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமலே நாலு மணிநேரம் படிக்கலாம். பகலில் அயல்வீட்டில் சார்ஜ் செய்யக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

அம்மா இரவில் எழும்பினால் போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். அது சரிந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்துதான் டொக்டர் விஜய கொடகும்புர சுதீப விளக்கைச் செய்தார். குட்டையான தடித்த கண்ணாடி, திருகு மூடி, உருளாமலிருக்க இரண்டு பக்கம் தட்டை. 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது அதற்குத்தான்.

கொட்டாஞ்சேனை மகள்:
ஐயா, குளவிக்கூடேதான்! ஈர்க்குச்சியால் குத்தியபோது பெருவிரல் அளவு மண்கட்டி வந்து விழுந்தது. உடைத்தால் உள்ளே காய்ந்த சிலந்திகள் மூன்று. குழாயைக் கழுவிக் காயவைத்து, புது மென்டில் கட்டி, நீங்கள் சொன்னபடி ஸ்பிரிட் முடியும்வரை காத்திருந்து ஏற்றினோம். சுவாலை எழும்பவில்லை. "உஸ்" என்ற சத்தத்தோடு வெள்ளையாக எரிந்தது. அம்மா கதிரையை விறாந்தைக்கு இழுத்துப்போட்டு ஒரு மணிநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பற்றரியும் குமிழும் வாங்கிவிட்டேன். யன்னலுக்கு வலை அடித்தாயிற்று, தலையிடியும் இல்லை, ரீச்சருக்கு நன்றி. 200 வாங்கவில்லை. அப்பாவின் லாம்பை விறாந்தையில் தொங்கவிட்டு, சமைத்துச் சாப்பிட்டு முடியும்வரை மட்டும் எரிக்கிறோம். கதவு வழியாக வரும் வெளிச்சம் கூடத்துக்குப் போதும்.

இரண்டு கேள்வி மிச்சம். உடைந்த மென்டிலின் தூளை என்ன செய்வது? பம்ப் இறுக்கமாக இல்லை, தோலுக்குத் தேங்காயெண்ணெய் போடலாமா என்று அம்மா கேட்கிறார்.

வெள்ளவத்தை இரசாயன ஆசிரியை:
பழைய வகை மென்டிலில் தோரியம் இருக்கும், கதிரியக்கம் சிறிதளவுதான், ஆனாலும் மூச்சோடு உள்ளே போகக்கூடாது. ஊதவேண்டாம், தும்புத்தடியால் கூட்டவும் வேண்டாம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பையில் கட்டி எறிந்துவிட்டுக் கை கழுவுங்கள்.

தெமட்டகொடை லாம்புத் திருத்துநர்:
தேங்காயெண்ணெய் பிசின் பிடிக்கும் தங்கச்சி. தோலைக் கழற்றி, விளிம்பை விரலால் வெளிப்பக்கம் விரித்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். ஓர் இரவு ஊறட்டும்.