தாய்லாந்தில் திருமண விசா நீட்டிப்பு: 4 லட்சம் பாட் போட்டு வைப்பதா, மாதம் 40,000 காட்டுவதா?

கொராட் மருமகன்:
வணக்கம். பாங்காக்கில் வேலை பார்க்கிறேன், ‘நான்-பி’ (Non-B) எனும் வேலை விசா. டிசம்பர் 31-உடன் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று இப்போதே, ஜூலையிலேயே, கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மனைவி தாய்லாந்துக்காரர், ஊர் கொராட். மகளுக்கு மூன்று வயது. இனி திருமணத்தைக் காரணம் காட்டித்தான் ஒரு வருட எக்ஸ்டென்ஷன் எடுக்க வேண்டும். அதற்கு என் பெயரில் 4 லட்சம் பாட் இரண்டு மாதம் வங்கியில் கிடக்க வேண்டும், இல்லையென்றால் மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். கோவையில் இருக்கும் கடைகளின் வாடகை ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். 4 லட்சமும் திரட்ட முடியும். ஆனால் அந்தப் பணத்தில்தான் கொராட்டில் ஒரு சின்னக் கடை போட நினைத்தோம். எந்த வழியில் போகலாம்?

சீலோம்வாசி:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், பணத்தைப் போடுங்கள். முதலில் தேதியைக் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை எந்த மாதம் வரை இருந்தாலும், வேலை முடியும் அன்றே வேலை சார்ந்த அனுமதியும் முடிந்துவிடும். அதனால் கடைசி வேலை நாளிலோ அதற்கு முன்போ திருமணக் காரணத்துக்கு மாற்ற விண்ணப்பித்தாக வேண்டும். அன்றைக்குப் பணம் இரண்டு மாதம் முழுசாக இருந்திருக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கட்டும். மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கை நம்பிப் போகாதீர்கள்.

பினாங்கு மாப்பிள்ளை:
அண்ணே சொல்வது பழைய வழி. நான் ஹாட்யாயில் இருக்கிறேன், மலேசியாவிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது, அதைக் காட்டித்தான் நீட்டிக்கிறேன். 4 லட்சம் பாட் என்றால் பத்து லட்ச ரூபாய்க்கு மேல். ஒரு குடும்பம் கடை போட வைத்திருக்கும் பணத்தை எதற்கு முடக்க வேண்டும்? மாதம் 40,000-க்குக் குறையாமல் வெளிநாட்டிலிருந்து உங்கள் கணக்கில் விழட்டும், போதும். ஒன்றை மட்டும் பாருங்கள்: பாஸ்புக்கில் அது வெளிநாட்டுப் பணம் என்று குறியீடு விழ வேண்டும். சில பரிமாற்றச் செயலிகளில் அனுப்பினால் உள்ளூர்ப் பணம்போலப் பதிவாகிவிடும், அதை அதிகாரி ஏற்க மாட்டார்.

சீலோம்வாசி:
உங்களுக்குச் சரி, அவருக்குச் சரிவராது. வரவைக் காட்டுவதென்றால் பன்னிரண்டு மாத வரவு கேட்பார்கள். ஜூலையில் ஆரம்பித்தால் டிசம்பருக்கு ஆறுதான் தேறும். தூதரகத்தில் வருமானக் கடிதம் வாங்கிக் கொடுத்த காலமும் மாறிவிட்டது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2019-லிருந்து அதைக் கொடுப்பதே இல்லை. அப்புறம் வரி இருக்கிறது. வருடத்தில் 180 நாள் இங்கே தங்குபவர் வெளிநாட்டில் சம்பாதித்ததை உள்ளே கொண்டுவந்தால் 2024-லிருந்து வரிக் கணக்கில் சேரும். 2023 வரை சம்பாதித்த சேமிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

பினாங்கு மாப்பிள்ளை:
வரி என்றதும் ஆள் பயந்துவிடுவார், அதனால் கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன். மாதம் 40,000 என்றால் வருடம் 4,80,000. கட்டட வாடகை என்பதால் செலவுக் கழிவு 30 சதவீதம், அதாவது 1,44,000 போகும். தனக்கு 60,000, வருமானம் இல்லாத மனைவிக்கு 60,000, பிள்ளைக்கு 30,000. மிச்சம் 1,86,000. அதில் முதல் ஒன்றரை லட்சத்துக்கு வரி கிடையாது. மீதி 36,000-க்கு 5 சதவீதம், வருடத்துக்கு 1,800 பாட். இந்தியாவோடு இரட்டை வரி ஒப்பந்தமும் இருக்கிறது, அங்கே கட்டிய வரியைக் காட்டலாம். ஒரு எக்ஸ்டென்ஷனுக்குக் கட்டும் 1,900 பாட்டை விடக் குறைவு. இதற்காகவா கடையைத் தள்ளிப்போடுவது?

சீலோம்வாசி:
வரிக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆறு மாதக் குறை அப்படியேதான் இருக்கிறது. கடை விஷயத்திலும் ஒன்று: கடை மனைவி பெயரில் இருந்தாலும், கணவர் கல்லாவில் உட்கார்ந்தால் அவருக்கு ஒர்க் பெர்மிட் வேண்டும். திருமண எக்ஸ்டென்ஷன் வேலை செய்யும் உரிமை ஆகாது.

கடலோரம்:
எதற்கு இவ்வளவு தலைவலி? ஏஜென்ட்டிடம் போனால் அவர்களே பணத்தைப் போட்டுக் காட்டி முடித்துக் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

செல்வி சியாங்மாய்:
சகோதரர் கடலோரம், தயவுசெய்து இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். திருமண விண்ணப்பத்தில் கணவர் தனியாகப் போய் உட்காருவதில்லை. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டினால், தன் சொந்த நாட்டில் அதிகாரி முன்னால் அவரும் அந்தப் பொய்க்குத் துணையாக நிற்க வேண்டிவரும். மூன்று வயதுப் பிள்ளையின் அம்மாவை அந்த இடத்தில் நிறுத்தலாமா?

எனக்கு இந்த விதியின் மேலேயே கோபம் உண்டு. நான் தாய்லாந்துக்காரரைக் கட்டியவள். நான் 4 லட்சமும் காட்ட வேண்டியதில்லை, 40,000-மும் காட்ட வேண்டியதில்லை. 2014-ல் வந்த குடியேற்ற உத்தரவில், தாய்லாந்துப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டுக் கணவர்தான் பணம் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. அதாவது தாய்லாந்து ஆண் குடும்பத்தைக் காப்பாற்றுவான் என்று அரசு நம்புகிறது, தாய்லாந்துப் பெண் சம்பாதிப்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. என் நாத்தனார் மருத்துவமனையில் நல்ல சம்பளம் வாங்குகிறார். அவருடைய வெளிநாட்டுக் கணவருக்கு அந்தச் சம்பளம் எந்த விதத்திலும் உதவாது. 2025 ஜனவரியில் திருமணச் சமத்துவச் சட்டம் வந்து கணவன், மனைவி என்பதெல்லாம் வாழ்க்கைத் துணை என்றாகிவிட்ட பிறகு, இந்தப் பிரிவுக்கு என்ன நியாயம்?

சீலோம்வாசி:
அம்மா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த விதி தாய்லாந்துப் பெண்களின் பாதுகாப்புக்காக வந்தது. கையில் காசில்லாமல் வந்து மனைவி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

செல்வி சியாங்மாய்:
பாதுகாப்பு என்றால் பணம் அவளுக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா அண்ணா? கூட்டுக் கணக்கை நம்பாதீர்கள் என்று நீங்களேதான் மேலே சொன்னீர்கள். கணவர் திடீரென்று இறந்துபோனால் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். நீதிமன்றம் சொத்து நிர்வாகி என்று ஒருவரை நியமித்த பிறகுதான் ஒரு பாட்டையாவது எடுக்க முடியும். ஈமச் சடங்குக்கே கடன் வாங்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர் கணக்கில் 4 லட்சம் அப்படியே இருந்தது. பணம் வங்கியில் இருக்கிறதா என்று வருடா வருடம் பார்க்கிறார்கள், அது மனைவிக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேருமா என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் கொராட் மருமகன் எந்த வழியில் போனாலும் சரி, பணத்தைப் போடும் அதே வாரத்தில் தாய்லாந்து மொழியில் ஒரு உயிலும் எழுதி மனைவியை நிர்வாகியாகக் குறிப்பிடச் சொல்கிறேன். நீதிமன்றம் போகத்தான் வேண்டும், ஆனால் வேலை எளிதாக முடியும்.

பினாங்கு மாப்பிள்ளை:
இது எனக்கே தோன்றவில்லை அக்கா, நன்றி. நான் மாத வரவு வழியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது சொல்வேன். வந்த பணம் வீட்டுச் செலவுக்குப் போகிறது, மனைவி கைக்கு வருகிறது. எங்கேயும் முடங்கிக் கிடப்பதில்லை.

கொராட் மருமகன்:
எல்லோருக்கும் நன்றி. இந்த வருடம் பணத்தைப் போடுகிறேன், வேறு வழியில்லை. வாடகையை இந்த மாதத்திலிருந்தே இங்கே அனுப்ப ஆரம்பிக்கிறேன், அடுத்த வருடத்துக்குள் பன்னிரண்டு மாதம் சேர்ந்துவிடும். விண்ணப்பம் கொடுத்த மறுநாளே 4 லட்சத்தை எடுத்துக் கடைக்குப் போடலாமா?

சீலோம்வாசி:
ஓய்வூதிய விசாவில் விண்ணப்பத்துக்குப் பின்பும் பணம் இருக்க வேண்டும் என்று 2019-ல் விதி வந்தது. அங்கே தொகை 8 லட்சம். திருமணத்துக்கு அப்படி இல்லை. ஆனாலும் மறுநாளே எடுக்காதீர்கள். முதலில் ‘பரிசீலனையில்’ என்று முப்பது நாள் முத்திரைதான் போடுவார்கள். அதற்குள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம், பாஸ்புக்கை மறுபடி கேட்கலாம். ஒரு வருட முத்திரை விழுந்த பிறகு எடுங்கள்.

போகும் அன்று காலையில் நூறு பாட் போட்டு பாஸ்புக்கில் அன்றைய தேதியைப் பதிய வையுங்கள், வங்கிக் கடிதமும் அன்றே வாங்குங்கள். வீட்டு எண் தெரியும்படி வாசலில் மூவரும் நிற்கும் படம், வீட்டுக்குள் எடுத்த படங்கள், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், மனைவியின் தாபியன் பான் (வீட்டுப் பதிவுப் புத்தகம்), திருமணப் பதிவின் புதிய நகல் எல்லாம் வேண்டும். அலுவலகத்துக்கு அலுவலகம் பட்டியல் கொஞ்சம் மாறும், ஒரு நாள் முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

செல்வி சியாங்மாய்:
மகளின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். தாய்லாந்துக் குடியுரிமை உள்ள பிள்ளையின் அப்பா என்ற காரணத்திலும் நீட்டிக்கலாம், தொகை அதேதான். அப்புறம், பரிசீலனை முடிவதற்குள் கோவைக்குப் போக நேர்ந்தால் ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி வருவதற்கான அனுமதி) வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். ஒரு முறைக்கு 1,000 பாட். அது இல்லாமல் வெளியே போனால் இவ்வளவு பாடும் வீண்.