கரீபியன் தீவுகளில் ரோமிங் வருவாய்: வளரும் வருவாயாகக் காட்டலாமா?

செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு சிறிய முதலீட்டு ஆலோசனை அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கரீபியன் தீவுகள் பலவற்றில் கைப்பேசிச் சேவை நடத்தும் ஒரு குழுமத்தின் கடன்பத்திரத்தை வாங்கலாமா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உள்ளூர்ச் சந்தையில் இனிப் பெரிய வளர்ச்சி இல்லை என்பதில் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே கருத்துதான். தீவுகள் சிறியவை, ஆளுக்கொரு சிம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ரோமிங் வருவாயை, அதாவது வெளிநாட்டுப் பயணிகள் தங்கள் ஊர்ச் சிம்மோடு வந்து தீவின் வலையமைப்பைப் பயன்படுத்துவதால் கிடைப்பதை மட்டும், ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரியாகக் கணக்குத்தாளில் காட்டலாம் என்று எங்கள் மேலாளர் சொல்கிறார்.

அவருடைய வாதம் எளிமையானது. அரூபாவில் வசிப்போர் ஒரு இலட்சத்துச் சொச்சம் பேர். 2019இல் அங்கே வந்து தங்கிய பயணிகளோ 11 இலட்சம். பஹாமாஸுக்கு அதே ஆண்டில் வந்தவர்கள் ஏறத்தாழ 72 இலட்சம். ஆகவே வருகின்ற ஒவ்வொருவரையும் ஒரு ரோமிங் வாடிக்கையாளராக எண்ணி, தலைக்கு இத்தனை டாலர் என்று பெருக்கினால் போதும் என்கிறார். எனக்கு அந்தப் பெருக்கல் இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை. இந்தத் துறையில் இருந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பயண இ-சிம் (இணையத்தில் வாங்கிக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் சிம்) பரவிய பிறகு இந்த வருவாய் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் கணக்கர்

தம்பி, ஓய்வு பெறும்வரை பதினான்கு ஆண்டுகள் ரோமிங் கணக்குத் தீர்க்கும் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மேலாளரின் பெருக்கலில் தலையும் தவறு, டாலரும் தவறு.

தலையை முதலில் எடுத்துக்கொள்வோம். பஹாமாஸின் 72 இலட்சத்தில் நான்கில் மூன்று பங்கினர் சொகுசுக் கப்பலில் வந்தவர்கள். பெரும்பாலும் காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுவார்கள். எங்கள் பினாங்கு ஜார்ஜ்டவுனில் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் வந்து நிற்கும் நாளில் காலை நடைக்குப் போனால் அந்த வகைப் பயணியைக் கண்ணாலேயே பார்க்கலாம். இறங்கியதும் கைப்பேசியை உயர்த்தி ஒரு படம் எடுப்பார்; 'ஃப்ளைட் மோட்' போட்டபடியே நடந்து, முதலில் தென்படும் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, குடிக்க எதுவும் சொல்வதற்கு முன்பே வைஃபை கடவுச்சொல்லைக் கேட்பார். அவரிடமிருந்து இங்குள்ள எந்தக் கைப்பேசி நிறுவனத்துக்கும் ஒரு காசு தேறாது. நடுக்கடலில் அவர் பேசுவதும் தீவின் கணக்கில் சேராது, ஏனெனில் கப்பலுக்குள் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் வலையமைப்பு வேறொரு நிறுவனத்துடையது. அதன் நாட்டுக் குறியீடே எந்த நாட்டையும் சேராத 901. ஆகவே தங்கும் பயணியையும் கப்பல் பயணியையும் ஒரே நெடுவரிசையில் போடாதீர்கள். தங்குவோரிலும் நியூயார்க், டொரண்டோ, லண்டன் ஆகிய நகரங்களிலிருந்து சொந்த ஊர் பார்க்க வரும் ஜமைக்காக்காரர் வேறு ரகம். தமிழ்நாட்டுக்குப் போனால் நாம் சித்தப்பா வீட்டில் எடுத்து வைத்திருக்கும் சிம்மைத் தேடுவதில்லையா? அவரும் அதையேதான் செய்வார்.

இனி டாலர். அமெரிக்கப் பயணி தம் நிறுவனத்துக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் கட்டுகிறார் என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு அதையே தீவின் வருவாயாக எழுதிவிடக் கூடாது. அது சில்லறை விலை, அமெரிக்காவிலேயே தங்கிவிடும். தீவுக்குக் கிடைப்பது இரு நிறுவனங்களும் தமக்குள் பேசி வைத்திருக்கும் மொத்த விற்பனை விலை மட்டுமே. பயணி செய்யும் ஒவ்வோர் அழைப்பும் ஒவ்வொரு டேட்டா அமர்வும் நாங்கள் 'டேப்' என்று அழைக்கும் கோப்பில் ஒரு வரியாகப் பதிந்து சொந்த நாட்டு நிறுவனத்துக்குப் போகும். தொகை பெரும்பாலும் சர்வதேச நாணய நிதியத்தின் எஸ்டிஆர் என்ற அலகில் இருக்கும்; அது சில முக்கிய நாணயங்களின் மதிப்பைச் சேர்த்துக் கணக்கிடுவது. நான் சேர்ந்த காலத்தில் டேட்டாவின் விலையை மெகாபைட் கணக்கில்தான் எழுதினார்கள். மெகாபைட்டுக்கு ஒரு டாலர் என்றால் ஜிகாபைட்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். அந்தக் காலத்து இலாபத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த மொத்த விலை வரம்பைப் பாருங்கள்: 2017 ஜூனில் ஜிகாபைட்டுக்கு 7.70 யூரோ, 2022 ஜூலையில் 2 யூரோ, 2027இல் 1 யூரோ. கரீபியனில் பெரும்பாலான தீவுகளை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது என்றாலும், பேரம் பேச உட்காரும் ஒவ்வொருவருக்கும் அந்த எண்கள் தெரியும்.

டேப் கோப்பில் இருப்பது பட்டியல் விலை என்பதையும் மறந்துவிடாதீர்கள். தள்ளுபடி ஒப்பந்தம் தனியாக இருக்கும். பெரும்பாலும் ஆண்டு முடிவில்தான் அதைத் தீர்ப்பார்கள். என் முதல் ஆண்டில் ஒரு கூட்டாளி நிறுவனத்திடமிருந்து வரவேண்டியதாகப் பெருந்தொகை ஒன்றைக் காட்டி மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கினேன். டிசம்பரில் தள்ளுபடிச் சீட்டு வந்தபோது அதில் பாதிகூட நிற்கவில்லை.

பாயான்லெப்பாஸ் பொறியாளர்

கணக்கர் ஐயா தள்ளுபடி பற்றிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. கரீபியனில் ஆங்கிலம் பேசும் பல தீவுகளில் டிஜிசெல், ஃப்ளோ என்ற இரண்டு பெயர்களே சந்தையில் முதன்மையானவை. இருவர் மட்டுமே இருக்கும் சந்தையில் விலை இறங்காது என்பது உள்ளூர் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை ஓரளவு உண்மைதான். ரோமிங்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பயணியின் கைப்பேசி எந்த வலையமைப்பில் சேர வேண்டும் என்பதை அவருடைய சொந்த நாட்டு நிறுவனம் தொலைவிலிருந்தே திருப்பிவிட முடியும்: விரும்பாத வலையமைப்பிலிருந்து வரும் பதிவு வேண்டுகோளை அது சில முறை நிராகரித்தால், கைப்பேசி தானாக அடுத்ததற்குத் தாவும். பயணிக்கு இது தெரியவே தெரியாது. விமான நிலையத்தில் சிக்னல் வரச் சற்று நேரமாகிறது என்று மட்டும் நினைப்பார். ஆகவே இலட்சக்கணக்கான பயணிகளை அனுப்பும் ஓர் அமெரிக்க நிறுவனம், "யார் குறைத்துக் கொடுக்கிறீர்களோ அவருக்கே பெரும்பங்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். தீவிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் சிலரே என்பதால், திருப்பி மிரட்டவும் தீவின் கையில் எதுவும் இல்லை.

குரல் அழைப்பிலும் மாற்றம் வந்துவிட்டது. குரலையும் 4ஜி டேட்டாவாகவே அனுப்பும் வோல்டி முறையில் ரோமிங் அழைப்பு, டேட்டாப் பொட்டலங்களாக நேரே சொந்த நாட்டுக்குப் போய் அங்கேதான் அழைப்பாகிறது. தீவின் நிறுவனத்துக்கு அது கிட்டத்தட்ட இன்னொரு டேட்டா ஓட்டம். நிமிடக் கணக்கில் நல்ல விலை வாங்கிய பழைய வருவாய் அந்த அளவுக்கு மெலியும்.

எல்லைப் பிரச்சினை ஒன்றையும் சொல்கிறேன், நம் ஊரிலும் இருப்பதுதான். ஜொகூர் பாரு கடற்கரையோரம் நின்றால் கைப்பேசி சிங்கப்பூருக்குத் தாவும். செயிண்ட் மார்ட்டின் தீவு இதைவிட வேடிக்கை. வடக்குப் பாதி பிரான்சுக்கு, தெற்குப் பாதி நெதர்லாந்து முடியரசுக்கு; நடுவில் சோதனைச் சாவடிகூடக் கிடையாது. பிரெஞ்சுப் பாதி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பதால் 2017 முதல் ஐரோப்பியப் பயணிக்கு அங்கே கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லை. டச்சுப் பாதி ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் அந்த விதி அங்கே செல்லாது. ஒரே கடற்கரைச் சாலையில் காரில் போகிறவருக்கு எந்தக் கோபுரம் கிடைத்தது என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். அரூபாவும் குராசாவும் டச்சுப் பாதியைப் போன்றவை, மார்டினிக்கும் குவாடலூப்பும் பிரெஞ்சுப் பாதியைப் போன்றவை. "கரீபியன்" என்று ஒரே விலை போட்டுக் கணக்கிட்டால் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோகும்.

செந்தூல்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நான் புரிந்துகொண்டதைச் சோதித்துப் பார்க்கிறேன். எண்கள் என் கற்பனை. ஒரு தீவில் 10 இலட்சம் பயணிகள் தங்குகிறார்கள், பாதிப் பேர் மட்டும் ரோமிங்கைத் திறக்கிறார்கள், ஆளுக்கு 2 ஜிகாபைட், ஜிகாபைட்டுக்கு 3 டாலர். ஆக 30 இலட்சம் டாலர். சில ஆண்டுகளில் பயன்பாடு மூன்று மடங்கானாலும் விலை ஒரு டாலராக இறங்கினால் அதே 30 இலட்சம்தான். பயணிகள் கூடினால் மட்டுமே தொகை கூடும், விலை இன்னும் இறங்கினால் அதுவும் இல்லை. சரிதானா?

பாயான்லெப்பாஸ் பொறியாளர்

சரி, ஆனால் செலவை விட்டுவிட்டீர்கள். மூன்று மடங்கு டேட்டாவைச் சுமக்கக் கோபுரமும் கடலடிக் கேபிள் கொள்ளளவும் வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை விடுதிகள் நிறைந்த ஒரு கடற்கரைக்காகக் கட்டும் அந்தக் கொள்ளளவு செப்டம்பரில் சும்மா கிடக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பயண முகவர்

இ-சிம் பற்றி எனக்குத் தெரிந்தது இது. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்துக்கு மயாமியிலிருந்து புறப்படும் கரீபியன் கப்பல் பயணம் ஏற்பாடு செய்து கொடுத்தேன். நான்கு பேருக்கும் இணையத்தில் பயண இ-சிம் வாங்கினார்கள். தீவில் இறங்கியதும் இணையம் வரவில்லை என்று அந்த அம்மா நள்ளிரவில் எனக்கு அழைத்தார். அமைப்பில் "டேட்டா ரோமிங்" மூடியிருந்தது, திறந்ததும் வந்துவிட்டது. "ரோமிங் கட்டணம் வேண்டாமென்றுதானே இ-சிம் வாங்கினோம், இதைத் திறந்தால் பில் வராதா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

ஜெலுத்தோங் கணக்கர்

அந்த அம்மாவின் கேள்வியில்தான் தம்பிக்கும் பதில் இருக்கிறது. பெரும்பாலான பயண இ-சிம்களும் ரோமிங்தான். அந்தச் சிம்மின் எண் வேறேதோ ஒரு நாட்டு நிறுவனத்துடையதாக இருக்கும். தீவின் நிறுவனம் வழக்கம்போல டேப் வரி எழுதி அந்த நாட்டுக்குக் கணக்கு அனுப்பும். நாள் கட்டணத்தை இழப்பது பயணியின் சொந்த நாட்டு நிறுவனம். தீவுக்கு மொத்த விலை கிடைத்துக்கொண்டே இருக்கும், முன்பைவிட மலிவாக. வைஃபையை மட்டும் நம்பியிருந்த ஒரு பகுதிப் பயணிகள் இதனால் டேட்டாவைத் திறப்பார்கள் என்பதால், தீவுகளுக்கு இ-சிம்மால் நட்டம் என்று நான் ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். தீவுக்காரர் வெளியே போகும்போது கிடைத்துவந்த சில்லறை வருவாய் மட்டும் நிச்சயம் அடிபடும். அதைத் தனி வரியில் வைத்து இறக்கிக் காட்டுங்கள்.

குழுமத்துக்குள்ளேயே நடக்கும் ரோமிங்கையும் கழிக்க வேண்டும். ஜமைக்காவில் உள்ள வாடிக்கையாளர் பார்படோஸ் போய் அதே குழுமத்தின் வலையமைப்பில் பேசினால், ஒரு கிளை இன்னொரு கிளைக்குக் கட்டும் தொகை ஒருங்கிணைந்த கணக்கில் வருவாயே அன்று. தீவுவாரியாகக் கொடுக்கும் எண்களைக் கூட்டுகிறவர்கள் இதில் வழுக்கி விழுவார்கள்.

ஆனாலும் உங்கள் மேலாளர் இந்த வரியின் மேல் கண் வைத்தது வீண் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் பார்த்த காரணம்தான் வேறு. நீங்கள் மதிப்பிடுவது பங்கையல்ல, கடன்பத்திரத்தை. அது அமெரிக்க டாலர் கடன் என்றால் வட்டியும் டாலரில்தான். பார்படோஸ் டாலர் 1975 முதல் 2க்கு 1 என்றும், கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் 2.70க்கு 1 என்றும் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டவை. அங்கே கவலை குறைவு. ஜமைக்கா டாலரோ 2001இல் ஒரு அமெரிக்க டாலருக்கு 45 அளவில் இருந்து, 2023இல் 150ஐத் தாண்டிவிட்டது. உள்ளூர் வாடிக்கையாளர் கட்டும் பணம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ரோமிங் மட்டும் வெளிநாட்டு நாணயத்தில் வந்து சேர்கிறது. டிஜிசெல் குழுமம் 2024 தொடக்கத்தில்தான் ஒரு பெரிய கடன் மறுசீரமைப்பை முடித்தது என்பதை நினைத்தால், இந்த வரி சிறிதானாலும் எதற்குப் பயன்படும் என்பது விளங்கும்.

புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பரில் இர்மா செயிண்ட் மார்ட்டினையும் மரியா டொமினிக்காவையும் அடித்தன. அப்படி ஒரு புயல் அடித்தால், கோபுரங்களை நிமிர்த்தியதும் உள்ளூர்க்காரர் பேசத் தொடங்கிவிடுவார். பயணியோ விடுதி எழும்பும்வரை வரமாட்டார். ஆகையால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரோமிங்கை ஐந்து ஆண்டுக்கும் ஒரே மட்டத்தில் வைத்து, ஓர் ஆண்டில் மட்டும் ஒரு பெரிய தீவின் தொகையைப் பாதியாக வெட்டி, அப்போதும் அந்த ஆண்டின் டாலர் வட்டிக்குப் போதுமா என்று பார்ப்பேன். மேலாளரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

செந்தூல்வாசி

அப்படியே செய்கிறேன் ஐயா. கப்பல் பயணிகளைத் தனியே பிரித்தவுடன் பஹாமாஸின் எண் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. மற்ற தீவுகளை இன்றிரவு பிரிக்கிறேன்.