கீழ் வீட்டு வாடகை: குடும்பக் குழுவில் ஓர் இரவும் மறுநாளும்

*சனிக்கிழமை*

ஹட்டன் தம்பி (6:12): எல்லாருக்கும் வணக்கம். கீழ் வீட்டை வாடகைக்கு விடலாம்னு இருக்கோம். டீச்சர் குடும்பம் ஒன்னு கேக்குறாங்க, மாசம் 35,000. ரெண்டு வீட்டுக்கும் ஒரே லைட் மீட்டர்தான். புத்தகக் கடையில ஒப்பந்த பாரம் வாங்கி வச்சிருக்கேன், ஒரு வருஷத்துக்கு. போதுமா?

நொத்தாரிசு அக்கா (6:20): பாரம் போதாது தம்பி. ஒரு மாசத்துக்கு மேல போற வாடகைன்னா நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதணும். 1840ல வந்த மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், 2ஆம் பிரிவு. சும்மா கையெழுத்துப் போட்டா கோர்ட்டுல மாச வாடகையாத்தான் பார்ப்பாங்க. "ஒரு வருஷம்"ங்கிற வரி உனக்கும் உதவாது, அவங்களுக்கும் உதவாது.

வயரிங் மச்சான் (6:23): வாடகை தரலன்னா பூட்டை மாத்திட்டா முடிஞ்சுது 😄

நொத்தாரிசு அக்கா (6:26): அதைத்தான் செய்யக் கூடாது. கோர்ட் ஓடர் இல்லாம வெளிய தள்ளினா அவங்க பொலிசுக்குப் போவாங்க, விஷயம் 66ஆம் பிரிவுல ஏறும். 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டம். வழக்கு வந்த நாளுக்கு முந்தின ரெண்டு மாசத்துக்குள்ள பலவந்தமா வெளியேத்தினதுன்னு தெரிஞ்சா, அவங்களையே திரும்ப உள்ள விடச் சொல்லுவாங்க. வீடு யாருடையதுன்னு அங்க பேச்சே இல்ல. இடத்தைச் சீக்கிரம் மீட்க 2023ல 1ஆம் இலக்கச் சட்டம்னு ஒன்னு வந்திருக்கு. ஆனா கையில ஒழுங்கான எழுத்து இல்லாம அங்க போய் நின்னு பிரயோசனம் இல்ல.

அத்தை (6:31): நம்ம கொட்டகலை வீடு ஜயபூமி உறுதி. அதையும் இப்படி விடலாமாம்மா?

நொத்தாரிசு அக்கா (6:33): அது அரசாங்க அளிப்பு, அத்தை. நொத்தாரிசுகிட்ட போறதுக்கு முன்னால பிரதேச செயலகத்துல கேளுங்க, அனுமதி இல்லாம எழுதினா செல்லாமப் போயிடும். சின்னக்கரை உறுதின்னா, அதாவது முழு உரிமையுள்ள சொந்தக் காணின்னா, இந்தக் கரைச்சல் இல்ல. தோட்டத்து லயக் காம்பிராவை எழுதி வாடகைக்கு விடுறவங்களும் இருக்காங்க, காணி கம்பெனி கையில இருக்கும்போது அந்தக் காகிதத்துக்கு ஒரு பெறுமதியும் இல்ல.

ஹட்டன் தம்பி (6:35): அட்வான்ஸ் எவ்வளவு கேக்கலாம் அக்கா?

நொத்தாரிசு அக்கா (6:41): மூணு மாச வாடகை வாங்கு, அதுக்கு மேல போகாதே. எந்த நாள்ல திருப்பித் தருவேன்னு ஒப்பந்தத்துல இருக்கணும். கடைசி லைட் பில்லும் தண்ணி பில்லும் அவங்க போன பிறகுதான் வரும், அதனால "இறுதி பில் கட்டின பிறகு" ன்னு எழுது. சாவி கொடுக்கிற அன்னைக்கு மீட்டர் எண், சுவர், சிங்க், கதவு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வச்சிரு. இன்னொருத்தருக்கு உள் வாடகைக்கு விடக் கூடாதுங்கிற வரியை மறந்துடாதே.

வயரிங் மச்சான் (6:48): மீட்டருக்கு வாரேன். மச்சான், ஒரே மீட்டர்னா நீ நட்டப்படுவ. வீட்டுக் கட்டணத்துல 60 யூனிட்டைத் தாண்டினா அட்டவணையே மாறுது, பிறகு 90, 120, 180ன்னு படி ஏற ஏற யூனிட் விலை கூடும். நீ 110, அவங்க 110 எடுத்தா மொத்தம் 220, 180க்கு மேல உள்ள படியில போய் நிக்கும். தனி மீட்டர்னா ரெண்டு பேருமே 120க்குள்ள நிப்பீங்க.

ஹட்டன் தம்பி (6:50): தனி மீட்டர் கிடைக்குமா?

வயரிங் மச்சான் (6:55): தனி வாசல், தனி குசினி இருக்குல்ல, கேட்டுப் பாரு. நகர சபையில கீழ் வீட்டுக்குத் தனி ஆதன வரி இலக்கம் எடுத்து வச்சிட்டு மின்சார அலுவலகத்துக்குப் போனா பேச்சு லேசு. அதுவரைக்கும் உன் மீட்டருக்குப் பிறகு, கீழ் வீட்டு யூனிட்டை மட்டும் அளக்கிற சப் மீட்டர் பூட்டு. பில் வர்ற அன்னைக்கு ரெண்டு மீட்டரையும் போட்டோ எடு. பில்லுல யூனிட்டுக்கான மொத்தத் தொகையை யூனிட் விகிதத்துல பிரி, நிலையான கட்டணத்தைப் பாதிப்பாதி. "உங்களது 110 யூனிட், குறைஞ்ச படி விலை"ன்னு தனியாக் கணக்குப் போட்டா மீதி உன் தலையில.

வயரிங் மச்சான் (6:58): அப்புறம் ஹொட் ஷவர். 3.5 கிலோவாட், ஒருத்தர் பத்து நிமிஷம் குளிச்சா 0.6 யூனிட் வரும். நாலு பேர், முப்பது நாள், 70 யூனிட். வாடகை பேசும்போதே இதைச் சொல்லு. 13 அம்பியர் ப்ளக்ல குத்தவே கூடாது, அது 15 அம்பியருக்கு மேல இழுக்கும், ஹோல்டர் கருகிடும். போர்ட்ல இருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர், 20 அம்பியர் பிரேக்கர். மின்கசிவு வந்தா கரண்டை வெட்டுற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னு டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாரு. எர்த் இல்லாம ஷவர் பூட்டினா அது வாடகை வீடு இல்ல, கொலைக்களம்.

பண்டாரவளை சித்தப்பா (7:10): இவ்வளவு பேசுறீங்க, சுவரைப் பத்தி யாரும் கேக்கலியே. தம்பி, பின் சுவர்ல கறுப்பு பூத்திருக்கா?

ஹட்டன் தம்பி (7:12): மூலையில கொஞ்சம் இருக்கு சித்தப்பா. வோட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சுடலாம்னு…

பண்டாரவளை சித்தப்பா (7:17): அடிக்காதே! தண்ணி எங்க இருந்து வருதுன்னு முதல்ல பாரு. ஓரடிக்கு ஓரடி பொலித்தீன் துண்டை அந்த இடத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டு, காத்து போகக் கூடாது. ஒரு நாள் விடு. பொலித்தீனுக்கு உள்ளே, சுவர் பக்கம் நனைஞ்சா மண்ணுல இருந்து வருது. வெளிப்பக்கம், அறை பக்கம் நனைஞ்சா அது வீட்டு ஆவி. குளிருக்கு ஜன்னலை மூடிட்டு உள்ளேயே துணி காய வைக்கிறதால வரும்.

அத்தை (7:19): இங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான் தம்பி, வெயில் எங்க இருக்கு.

நொத்தாரிசு அக்கா (7:25): வரியையும் சொல்லிடுறேன். வருஷம் 4,20,000 வாடகை. அதுல 25 வீதம் கழிவு, மீதி 3,15,000 உன் சம்பளத்தோட சேரும். 2025 ஏப்ரல்ல இருந்து வருஷத்துக்கு 18 லட்சம் வரைக்கும் வரி இல்ல. நகர சபை ஆதன வரியை ஜனவரி 31க்கு முன்னால முழு வருஷத்துக்கும் கட்டினா 10 வீதம் கழிப்பாங்க.

பண்டாரவளை சித்தப்பா (7:31): வாடகைக்குன்னே வீடு வாங்குறவங்களுக்கு ஒரு கணக்கு. 1 கோடி 20 லட்சம் வீடு, வாடகை 40,000ன்னா வருஷம் 4,80,000, 4 வீதம். ஒரு மாசம் காலி, ஒரு மாச வாடகை ரிப்பேருக்கு. கைக்கு 4 லட்சம், 3.3 வீதம். பேங்க் கடன்ல வாங்கினா வட்டி இதை விழுங்கிடும். இருக்கிற வீட்டுல கீழ்த்தளத்தை விடுறது வேற சங்கதி.

*ஞாயிற்றுக்கிழமை*

ஹட்டன் தம்பி (6:40): சித்தப்பா, பொலித்தீன் உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. வெளிப்பக்கம் காய்ஞ்சிருக்கு.

பண்டாரவளை சித்தப்பா (6:52): அப்போ பெயிண்ட் கடைக்குப் போகாதே, மேசன் பாஸைக் கூப்பிடு. பின் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவுல ஓடை தோண்டணும், ஓடையோட அடிப்பக்கம் வீட்டுத் தரையை விட ஓரடி பள்ளமா, ஒரு பக்கம் சரிவா. கல்லு நிரப்பி ஓட்டைக் குழாய் போட்டு, தண்ணியைப் பக்கத்து வீட்டுக்கு இல்லாம கானுக்கு விடு. கூரைத் தண்ணி இப்ப மேட்டுல விழுது, பீலியைக் கட்டி அதையும் கானுக்குத் திருப்பு. மேட்டைத் தாங்குற கல் கட்டுல தண்ணி வெளியேற ஓட்டை இருக்கா பாரு, அஞ்சாறு அடிக்கு ஒன்னு, மூணு அங்குலக் குழாய். அடைஞ்சிருந்தா குத்தித் திற. சுவர் காய ரெண்டு மாசம் ஆகும். பெயிண்ட் அதுக்குப் பிறகு.

பண்டாரவளை சித்தப்பா (6:55): ஹட்டன்ல மே மாசத்துக்கு முன்னால முடிச்சிரு, எங்க பக்கம்னா ஒக்டோபருக்கு முன்னால. மேட்டுல புது வெடிப்பு, சாயுற மரம், திடீர்னு கலங்கின ஊத்து தெரிஞ்சா வாடகைப் பேச்சை நிறுத்திட்டு, மண்சரிவு அபாயத்தைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுது.

அத்தை (7:01): டீச்சர் எப்ப வர்றாங்க?

ஹட்டன் தம்பி (7:03): அடுத்த மாசம் முதலாம் திகதின்னு சொல்லியிருந்தேன் அத்தை. இப்பவே போன் பண்ணித் தள்ளிப் போடுறேன். அக்கா, தேதி குறிச்ச பிறகு ஒப்பந்தத்துக்கு வாரேன்.